திகில் நகைச்சுவைப் படத்தின் முதல் பத்து நிமிடங்கள்: புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேய்ப்படம் பார்க்க வந்தவரும் சிரிப்புப் படம் பார்க்க வந்தவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள்தான் என்பது திகில் நகைச்சுவைப் படம் எழுதுபவர் முதலில் சந்திக்கும் சிக்கல். அந்த ஆளுக்குப் படம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாக வேண்டும். இந்தக் கதையில் ஒருவர் செத்தால் நான் வருந்த வேண்டுமா, அல்லது சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போகலாமா என்பதே அந்தக் கேள்வி. விடை தெரியாதவரை அவர் வாய்விட்டுச் சிரிக்கவும் மாட்டார், மனம் ஒன்றிப் பயப்படவும் மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். அப்படிக் காத்திருப்பவரை இடைவேளைக்குப் பிறகு எவ்வளவு பெரிய பேயைக் காட்டியும் மீட்டுக்கொண்டுவர முடியாது.

முதல் குறும்படத்துக்கோ முதல் திரைக்கதைக்கோ தொடக்கக் காட்சி எழுத உட்கார்ந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆபத்து மெய்யானதாக இருக்க வேண்டும்; சிரிப்பு, அந்த ஆபத்தின் முன்னால் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்திலிருந்து பிறக்க வேண்டும். பேயையே கேலிப்பொருளாக்கித் தொடங்கும் படங்களும் உண்டு, அவற்றில் சில ஓடியும் இருக்கின்றன. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் படி: ஒரு கேள்விக்குக் காகிதத்தில் விடை எழுதுங்கள்

காட்சியை எழுதும் முன், “இந்தப் படத்தில் யாராவது உண்மையிலேயே சாவார்களா?” என்ற கேள்வியை ஒரு தாளில் எழுதி, அதற்கு ஆம் அல்லது இல்லை என்று விடை எழுதி வையுங்கள். பலரும் இதை எழுதாமலே தொடங்குகிறார்கள். அதனால்தான் முதல் காட்சியில் ஒருவர் கோரமாகச் சாக, மூன்றாவது காட்சியில் அவருடைய தம்பியே அதை மறந்து கூத்தடிக்கும் திரைக்கதைகள் உருவாகின்றன.

இயக்குநர் ஜான் லாண்டிஸ், ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றிய ‘அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்தின் திரைக்கதையை இருபது வயது நிரம்பும் முன்பே, 1969-இல் எழுதினார். படம் வெளிவந்தது 1981-இல். இடையில் அதைப் படித்த தயாரிப்பாளர்கள், நகைச்சுவைப் படத்துக்கு இதில் பயங்கரம் அதிகம் என்றும், பயங்கரப் படத்துக்கு இதில் சிரிப்பு அதிகம் என்றும் சொல்லித் தயங்கினார்கள். அவர் எந்தப் பக்கத்தையும் குறைத்துக்கொள்ளவில்லை. சாவு உண்டு என்ற விடை அவரிடம் உறுதியாக இருந்ததால், தொடக்கத்தில் நாம் நேசிக்கத் தொடங்கிய இரண்டு நண்பர்களில் ஒருவன் கொஞ்ச நேரத்திலேயே கொல்லப்படுகிறான். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு சிரிப்புக்கும் அந்தச் சாவு ஒரு கனத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் படி: ஒரு தொடக்கத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாருங்கள்

இதற்கு 1984-இல் ஐவன் ரைட்மேன் இயக்கத்தில் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தின் முதல் காட்சியைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. அதை ஒரு முறை ஒலியோடும் ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டும் பாருங்கள்.

நியூயார்க் பொது நூலகத்தின் வாசலில் இருக்கும் கல்சிங்கத்தில் படம் தொடங்குகிறது. பகல் நேரம், ஊரெல்லாம் நடமாட்டம். உள்ளே வயதான பெண் நூலகர் ஒருவர் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஆளற்ற அடித்தளத்துக்குப் போகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு புத்தகம் ஒரு அலமாரியிலிருந்து எதிர் அலமாரிக்கு மிதந்து போகிறது. அவர் அதைப் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். அடுத்து, பட்டியல் அட்டைகள் வைக்கும் சிறிய இழுப்பறைகள் தாமாகத் திறந்து, அட்டைகள் ஊற்றுப் போலப் பீறிட்டுப் பறக்கின்றன. இப்போது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. அலமாரிகளுக்கு நடுவே வழி தெரியாமல் ஓடுகிறார், ஒரு திருப்பத்தில் எதையோ நேருக்கு நேர் பார்த்து அலறுகிறார். அவர் பார்த்தது என்ன என்று நமக்குக் காட்டப்படுவதில்லை. அவருடைய முகத்தில் விழும் வெளிச்சமும் காற்றும் மட்டுமே தெரிகின்றன. அலறலோடு சேர்ந்து படத்தின் சின்னமும் துள்ளலான பாட்டும் வந்துவிடுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது அட்டைகளைத்தான். இரத்தமோ கதவிடுக்கில் கையோ வரவில்லை. நூலகருடைய வாழ்க்கை முழுவதும் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு பொருள், ஒழுங்கை மீறிப் பறக்கிறது. பார்க்க அச்சமாகவும் இருக்கிறது, சற்றே வேடிக்கையாகவும் இருக்கிறது, ஆனால் அந்த அம்மையாருடைய பயத்தில் வேடிக்கை எதுவும் கலக்கப்படவில்லை. அவர் ஒரு தீவிரமான பேய்ப்படத்தில் இருப்பவரைப் போலவே நடித்திருக்கிறார். பொருளில் விளையாட்டு, முகத்தில் உண்மை என்ற இந்தப் பங்கீட்டை உங்கள் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த காட்சியில் பில் மரே நடித்த வெங்க்மேன் என்ற ஆய்வாளர், மூடிய அட்டையில் என்ன வடிவம் இருக்கிறது என்று மனத்தால் கண்டுபிடிக்கும் சோதனையை ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் வைத்து நடத்துகிறார். மாணவியின் விடை தவறாக இருந்தாலும் சரி என்று பாராட்டுகிறார். மாணவர் சரியாகச் சொன்னபோதும் மின்அதிர்ச்சி கொடுக்கிறார். பேய் மெய் என்று இப்போதுதான் பார்த்தோம். பேயை ஆராய வேண்டியவரோ இப்படி இருக்கிறார். இரண்டு காட்சிகளுக்கும் இடையே இருக்கும் அந்த இடைவெளியில்தான் முழுப் படமும் நிற்கிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றிக் கற்பனை செய்து பாருங்கள். வெங்க்மேன் முதலில் வந்திருந்தால், நூலகத்தில் நடப்பதையும் யாரோ செய்யும் ஏமாற்று வேலை என்று நினைத்திருப்போம். பயத்தை முதலில் வைத்ததால்தான் சிரிப்புக்குப் பின்னாலும் பயம் பிழைத்திருக்கிறது.

மூன்றாம் படி: சிரிப்பு யாருடையது, பயம் யாருடையது என்று பிரித்துக் கொடுங்கள்

1948-இல் வந்த ‘அபட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு ஒன்று தொடக்கத்திலேயே இருக்கிறது. முழுநிலவில் ஓநாயாக மாறும் சாபம் பெற்ற டால்பட் என்ற மனிதர், லண்டனிலிருந்து அமெரிக்காவில் ஒரு ரயில்நிலையப் பார்சல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார். வந்து சேரும் பெட்டிகளை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று அவர் மன்றாடிக்கொண்டிருக்கும்போதே முழுநிலவு எழுந்துவிடுகிறது. அவர் ஓநாயாக மாறி உறுமத் தொடங்குகிறார். மறுமுனையில் இருக்கும் அலுவலக ஊழியர் வில்பர், யாரோ நாயைப் பேச வைத்து விளையாடுகிறார்கள் என்று கோபித்துக்கொள்கிறார். ஒரு தொலைபேசிக் கம்பியின் ஒரு முனையில் கலப்படமில்லாத திகில், மறுமுனையில் கலப்படமில்லாத நகைச்சுவை. ஓநாய் மனிதனாக நடித்த லான் சேனி ஜூனியர், தாம் முன்பு நடித்த பயங்கரப் படங்களில் எப்படி நடித்தாரோ அப்படியே இதிலும் நடித்திருக்கிறார்.

புதிதாக எழுதுபவர்கள் எல்லாப் பாத்திரங்களுக்கும் சிரிப்பு வசனம் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பயத்தைத் தாங்கிப் பிடிக்கக் காட்சியில் ஆளே இருக்காது. உங்கள் தொடக்கக் காட்சியில் குறைந்தது ஒருவராவது நடப்பதை முழுமையாக நம்புபவராக இருக்கட்டும். நம் ஊர்ப் படங்களை எடுத்துக்கொண்டால், ராகவா லாரன்ஸின் ‘முனி’, ‘காஞ்சனா’ ஆகியவற்றில் நாயகனே அந்த நம்புகிறவனாக இருக்கிறான். வளர்ந்த ஆண்மகன் பேய்க்குப் பயந்து அம்மாவை ஒட்டிக்கொண்டு திரிவது நமக்குச் சிரிப்பாக இருந்தாலும் அவனுக்கு அது சிரிப்பில்லை. பின்னால் பேய் உண்மையிலேயே வரும்போது, அவனுடைய பயத்தை நாம் ஏற்கெனவே அறிந்திருப்பதால் கதைக்குத் தனியாக அடித்தளம் போட வேண்டியிருப்பதில்லை.

இதைத் தலைகீழாகச் செய்தும் வெல்ல முடியும். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு வாழும் இரத்தக்காட்டேரிகளைப் பற்றிய, 2014-இல் வந்த ‘வாட் வி டூ இன் த ஷாடோஸ்’ படம், மாலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்க, சவப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அதை நிறுத்துவதில் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில், ஐந்து வருடமாகப் பாத்திரம் கழுவாத ஒருவரைக் கண்டிக்க வீட்டுக் கூட்டம் நடக்கிறது. இங்கே சிரிப்பு பூதங்களுடையது. ஆனாலும் கீழ்த்தளத்தில் கல்லறைக்குள் படுத்திருக்கும் எட்டாயிரம் வயதான மூத்தவர், பேசாமல், பார்க்கவே அச்சம் தரும் உருவமாக வைக்கப்பட்டிருக்கிறார். அவர் ஒருவர் இருப்பதால்தான் மற்றவர்களும் காட்டேரிகள் என்பது நமக்கு மறக்காமல் இருக்கிறது.

நான்காம் படி: ஒரே அறையில் சிரிப்பையும் மௌனத்தையும் வையுங்கள்

லாண்டிஸின் படத்துக்குத் திரும்புவோம். இருட்டத் தொடங்கும் புல்வெளிக் காடு, அதன்மேல் ‘ப்ளூ மூன்’ என்ற இனிமையான பழைய பாட்டு, பிறகு ஆடுகளை ஏற்றி வரும் வண்டியின் பின்புறத்திலிருந்து ஆடுகளோடு ஆடுகளாக இறங்கும் இரண்டு அமெரிக்க இளைஞர்கள். யாரும் எதையும் விளக்காமலே, இவர்கள் வெட்டுக்குப் போகிறவர்கள் என்று காட்சி சொல்லிவிடுகிறது. அவர்கள் நுழையும் மதுக்கடையின் பெயரே வெட்டப்பட்ட ஆட்டுக்குட்டி என்று பொருள்படுவது.

கடைக்குள் ஊர்க்காரர் ஒருவர் நீளமான ஒரு நகைச்சுவைக் கதை சொல்கிறார். கடையே சிரிக்கிறது, வந்த இளைஞர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில் ஒருவன், சுவரில் இருக்கும் நட்சத்திரக் குறி எதற்கு என்று கேட்டுவிடுகிறான். அம்பு எறிந்து விளையாடிக்கொண்டிருந்தவரின் குறி தவறுகிறது. கடை முழுவதும் மௌனமாகிறது. பேய் வரவில்லை, விளக்கு அணையவில்லை, இசை அதிரவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன் ஒன்றாகச் சிரித்தவர்கள் அந்நியர்களாகிவிட்டார்கள், அவ்வளவுதான். நிலவைக் கண்டு எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லி அவர்களை வெளியே அனுப்புகிறார்கள்.

இந்தக் கட்டமைப்பை நீங்கள் எந்தச் சூழலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் அறையில் உள்ள எல்லோரும் பங்குபெறும் ஒரு சிரிப்பை உண்டாக்குங்கள். பிறகு தெரியாமல் கேட்கப்பட்ட ஒரு கேள்வியால் அதை நிறுத்துங்கள். சிரிப்பு எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ அவ்வளவு ஆழமாக மௌனம் இறங்கும்.

ஐந்தாம் படி: இசை பார்வையாளரை முந்திக்கொண்டு சிரிக்கக் கூடாது

மேலே சொன்ன ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’, லாண்டிஸின் ஓநாய்ப் படம் ஆகிய இரண்டுக்கும் பின்னணி இசை அமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டைன் என்ற ஒரே ஆள்தான். ‘த டென் கமாண்ட்மென்ட்ஸ்’ போன்ற பெரும் படங்களுக்கு இசையமைத்தவர் அவர். 1978-இல் லாண்டிஸ் ஒரு கல்லூரி நகைச்சுவைப் படத்துக்கு அவரை அழைத்தபோது, இதை ஒரு தீவிரமான படமாகவே எண்ணி இசையமைக்கும்படி கேட்டுக்கொண்டார். திகில் நகைச்சுவைக்கு இதுவே சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றின் தொடக்கத்தில், புது வீட்டுக்குக் குடிவரும் இளைஞன் தாழ்வான நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வான். அந்த இடத்தில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தத்தைச் சேர்த்திருந்தேன். ஆறாவது நிமிடத்தில், இறந்துபோன பாட்டியின் கயிற்றுக் கட்டில் இருட்டில் தானாக நகரும்போது, திரையிடலுக்கு வந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சத்தம், இங்கே யாருக்கும் எதுவும் ஆகாது என்று முதலிலேயே அவர்களுக்குச் சொல்லிவிட்டிருக்கிறது. வேறு எதையும் தொடாமல் அந்த ஒரு சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த மாதம் வேறொரு கூட்டத்துக்குக் காட்டினேன். தலை இடித்த இடத்தில் முன்புபோலவே சிரித்தார்கள், கட்டில் நகர்ந்த இடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

ஆறாம் படி: அன்றாட வாழ்க்கைக்குள் திகிலின் வடிவத்தை ஒளித்து வையுங்கள்

எட்கர் ரைட்டின் ‘ஷான் ஆஃப் த டெட்’ படத்தில், 2004-இல் வந்தது, டைட்டில் ஓடும்போது ஒரு சோம்பி, அதாவது நடைபிணம், கூட வருவதில்லை. கடையில் பில் போடும் பெண்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், தள்ளுவண்டிகளை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் என்று சாதாரண லண்டன்வாசிகளே உயிரற்ற கண்களோடும் ஒரே மாதிரி அசைவோடும் வருகிறார்கள். அது முடிந்ததும் காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு பாதம், கூடவே ஒரு முனகல். பார்த்தால் நாயகன் தூக்கம் கலைந்து கொட்டாவி விடுகிறான். சிறிது நேரம் கழித்து, அவன் வீட்டிலிருந்து தெருக்கோடிக் கடைக்குப் போய் வருவது வெட்டு இல்லாத ஒரே நீண்ட ஷாட்டாக வருகிறது. ஊரே சோம்பிகளான பிறகு அதே நடையை அதே வழியில் மறுபடி நடக்கிறான், எதையும் கவனிக்கவில்லை. முதல் நடையை நமக்குப் பழக்கியிருப்பதால்தான் இரண்டாவது நடை சிரிப்பாகவும் பீதியாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. உங்கள் தொடக்கத்தில் வரும் ஒரு சாதாரணச் செயலையாவது, பின்னால் பயங்கரத்துக்கு நடுவே திரும்பச் செய்யக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.

ஏழாம் படி: எழுதிப் பாருங்கள்

பயிற்சிக்காக ஒரு காட்சியை இங்கேயே கட்டிப் பார்ப்போம். சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்க்கும் இருவர். ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், மற்றவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமான பையன். உடலைக் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். பெட்டியைத் திரும்ப எடுக்க இரவு பத்து மணிக்குக் குட்டியானை வண்டியில் வந்திருக்கிறார்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெரியவருக்கு வாடகையில் ஐந்நூறு ரூபாய் பாக்கி வர வேண்டும்; அழுது களைத்த வீட்டில் அதை எப்படிக் கேட்பது என்பதே அவருடைய கவலை. ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறக்கும்போதும் யாராவது ஒருவர் வந்து அவருக்கே ஆறுதல் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வழியில்லாமல் பெட்டியைத் தூக்குகிறார்கள்.

“அண்ணே, கொண்டு வரும்போது இவ்வளவு கனம் இல்லண்ணே.”

“சாப்பிட்டியாடா?”

“இல்லண்ணே.”

“அதான்.”

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பெட்டியைக் கீழே வைத்து மூச்சு வாங்குகிறார்கள். பெரியவர் ஐந்நூறு ரூபாயைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். பையன் பெட்டியின் கண்ணாடி மூடியில் படர்ந்திருக்கும் பனியைச் சட்டைக் கையால் துடைக்கிறான், போகவில்லை. மறுபடி துடைக்கிறான். பனி உள்பக்கம் இருக்கிறது. அவன் பார்வை, காலையிலிருந்து சுருட்டிக் கட்டி வைத்திருக்கும் பிளக் வயருக்குப் போகிறது. பெரியவர், “தூக்குடா” என்கிறார். பையன் தூக்குகிறான். டைட்டில்.

ஆபத்து மெய் என்பதைப் பனி சொல்கிறது. சிரிப்பு பெரியவருடையது, பயம் பையனுடையது. கனம் முதலில் சிரிப்பாக வந்து, பனியைப் பார்த்தபின் வேறொன்றாக மாறுகிறது. பெட்டியைத் தூக்கி இறங்கும் செயல் பின்னால் இன்னொரு மாடிப்படியில் திரும்ப வரலாம். இசை எங்கும் இல்லை. படியில் உரசும் செருப்புச் சத்தமும் மேல்மாடியிலிருந்து கேட்கும் பேச்சும் போதும். பெட்டியின் மோட்டார் தானாக ஓடத் தொடங்குவதையும், உள்ளே ஒரு கை தெரிவதையும் சேர்க்க ஆசை வரும். சேர்க்க வேண்டாம். நூலகர் பார்த்ததை நமக்குக் காட்டாமல் விட்டது போல, இங்கேயும் பனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும், கதை தெரியாத நான்கைந்து பேரை உட்காரவைத்து, நடித்துக் காட்டாமல் சம குரலில் வாசியுங்கள். எங்கே சிரிக்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். டைட்டில் வந்ததும் நிறுத்திவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். பேய் வரும் என்று மட்டும் சொன்னால் சிரிப்பின் பக்கம் மெலிந்திருக்கிறது. பெரியவருடைய வசனங்களைத் திரும்ப எழுதுங்கள். யாருக்கும் எதுவும் ஆகாது என்று சொன்னால், பனி வரும் இடத்தில் பேச்சு அதிகமாக இருக்கிறது, வெட்டுங்கள். பையனை அந்த வண்டியின் பின்னால் பெட்டியோடு தனியாக ஏற்றிவிடாதீர்கள் என்று ஒருவரும், அந்த ஐந்நூறு ரூபாய் கிடைத்ததா என்று இன்னொருவரும் கேட்டால், படப்பிடிப்புக்குத் தேதி குறிக்கலாம்.